பின் வைத்துக் கட்டக் கூடாது

என் முதல் வேலைக்கு நான் ஒன்பது ஊக்குகளோடு போனேன். தோளில் இரண்டு, மாராப்பு மடிப்பு கலையாமல் இருக்க இரண்டு, இடுப்புக் கொசுவத்தில் மூன்று, முதுகுப் பக்கம் ஒன்று, அவசரத்துக்கு என்று கைப்பையின் வாரில் ஒன்று. இவ்வளவும் இருந்தும் பஸ்ஸில் ஏறும்போது ஒரு கை இடுப்பிலேயே இருக்கும். கல்லூரியில் தாவணிதான். சேலை கட்டுவதை வேலை உத்தரவு கையில் வந்த பிறகுதான், ஒரு வாரத்தில், பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன்.

எண்பதுகளின் கடைசி. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை இராஜபாளையத்தில், ஒரு பேண்டேஜ் கம்பெனியில். வேதியியல் படித்த பெண் என்பதால் தரம் பார்க்கும் சூப்பர்வைசராக எடுத்திருந்தார்கள். காயத்துக்கு வைக்கும் வெளுத்த காஸ் துணியில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட வேண்டும். கண்மூடித் திறப்பதற்குள் அது மூழ்க வேண்டும். மிதந்தால் வெளுப்பு சரியில்லை என்று பொருள். மூழ்கிய துண்டுகளைப் பற்றி எழுதி எழுதியே என் பேனாக்கள் தீர்ந்தன. மற்ற நேரமெல்லாம் மடிப்புக் கூடத்தில் நின்று, துணியில் நூல் பிசிறு, முடி, தூசி எதுவும் போகாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். உடுப்பு விஷயத்தில் அவரிடம் விளையாட முடியாது. என் பருத்திச் சேலைகளுக்குக் கஞ்சி போட்டு, கரி இஸ்திரிப் பெட்டியால் அவரே தேய்த்துக் கொடுப்பார். காலையில் நான் கிளம்பும்போது வாசலில் நின்று, தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்ப்பார். "கொசுவம் ரெண்டு விரக்கட எடதுபக்கம் போயிருக்கு" என்பார். நான் திரும்ப உள்ளே ஓடுவேன். ஏழு மணி பஸ் போய்விடும். எனக்கு வருகிற கோபத்துக்கு வாசல் கதவு இரண்டு தடவை கீல் கழன்றிருக்கிறது. ஊக்குகளும் அவர் வாங்கிக் கொடுத்தவைதான். மிலிட்டரி கேண்டீனில் கிடைத்த அட்டை. சின்னச் சின்னதாக, பொன் நிறத்தில் பளபளக்கும். எங்கள் ஊர்க் கடைகளில் அந்த நிறத்தில் பார்க்க முடியாது.

அப்பா வேலைக்கு அனுப்பியதே ஒரு ஒப்பந்தத்தின் பேரில்தான். ஆறு மாதம் தற்காலிகம். அதற்குள் நிரந்தரமாகிவிட்டால் வேலையில் இருக்கலாம். இல்லையென்றால் கான்சாபுரத்திலிருந்து வந்திருக்கும் சம்பந்தத்துக்குத் தலையாட்ட வேண்டும். மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வயலும் தென்னையுமாக வசதியான குடும்பம். ஆனால் எனக்கு அந்த வேலை வேண்டும். தண்ணீரில் துணி மூழ்குவதைப் பார்த்து, "சரி, அனுப்பலாம்" என்று நான் சொன்னால்தான் பெட்டி கம்பெனியை விட்டு வெளியே போகும். இருபத்திரண்டு வயதில் ஒரு பெண்ணின் வாய்ச் சொல்லுக்கு வேறு எங்கே அந்த மரியாதை கிடைக்கும்?

மடிப்புக் கூடத்தில் பதினோரு பெண்கள். எல்லோருமே முப்பத்தைந்துக்கு மேல். எல்லோருமே பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டுபவர்கள். கொசுவத்தை முன்னால் தொங்க விடாமல் இடுப்புக்குப் பின்னால் விசிறியாக விரித்து, முந்தானையை இழுத்துச் சுற்றி இடுப்பில் செருகி, ஒரே முடிச்சில் நிறுத்திவிடுவார்கள். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் பஸ்ஸுக்கு ஓடினாலும் அது அசையாது. அதை அன்று நான் கவனிக்கவில்லை. எனக்குப் பட்டதெல்லாம், இதென்ன களையெடுக்கப் போகிற மாதிரி ஒரு கட்டு, கம்பெனிக்கு வருகிறவர்கள் கொஞ்சம் நாகரிகமாக வரக் கூடாதா என்பதுதான்.

அவர்களுக்கு நான் 'டீச்சரம்மா.' கஞ்சி போட்ட சேலை, குடை, கைப்பை என்று யார் வந்தாலும் அவர்கள் டீச்சர்தான். "நான் சூப்பர்வைசர்" என்று முதல் மாதம் திருத்திப் பார்த்தேன். "சரி டீச்சரம்மா" என்றார்கள்.

அவர்களில் மூத்தவரை நான் முதல் மேசை அக்கா என்பேன். கூடத்தில் நுழைந்ததும் இருக்கிற முதல் மேசை அவருடையது. எட்டு மடிப்புத் துணியை அவர் மடித்து வைத்தால் அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. வாய் மட்டும் ஓயாது. ஒருநாள் என் முதுகுப் பக்க ஊக்கு திறந்துகொண்டு என்னைக் குத்த, நான் "ஆ" என்று கத்திவிட்டேன். அக்கா துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"டீச்சரம்மாவ ஆரும் தொட்ராதீக. முள்ளம்பன்னி கணக்கா இருக்காக."

கூடமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிற வயது.

ஐந்தாவது மாதம் முடியும்போது ஒரு தபால் வந்தது. வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து. நாங்கள் அனுப்பிய காஸ் மடிப்பு ஒன்றுக்குள் ஒரு சின்ன ஊக்கு இருந்ததாம். அதையும் காகிதத்தில் மடித்து உள்ளே வைத்திருந்தார்கள். மேனேஜர் அந்தக் காகிதப் பொட்டலத்தைப் பிரிக்காமலே மேசையில் வைத்தார். நல்ல மனிதர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அதிர்ச்சி வந்தால் மட்டும் வாய் தெலுங்குக்குப் போய்விடும்.

"அய்யோ தேவுடா" என்றார். "காயத்து மேல வைக்கிற துணிம்மா. அதுக்குள்ள ஊக்கு."

அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் துணி வாங்கும் அதிகாரி திங்கட்கிழமை நேரில் பார்க்க வருவதாகக் கடிதத்தில் இருந்தது. திருப்தியானால் ஆர்டர் தொடரும். இல்லையென்றால் அத்தோடு சரி. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மடிப்புக் கூடம் உங்க பொறுப்பு. இது நல்லபடியா முடிஞ்சா உங்க நிரந்தர உத்தரவுல அன்னிக்கே கையெழுத்துப் போடுதேன். முடியலன்னா நான் ஒண்ணும் செய்யறதுக்கில்லம்மா."

கான்சாபுரத்துத் தென்னை மரங்கள் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

பொட்டலத்தை மேசை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினேன். பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை, எல்லோரும் போன பிறகு ஓர் அறிவிப்பு எழுதினேன். என்னிடம் அந்த வயதில் ஒரு கெட்ட பழக்கம். எழுத்தென்று வந்தால் சேலைக்குப் போடுகிற கஞ்சியை அதற்கும் போடுவேன். 'ஊக்கு' என்று எழுதப் பேனா வரவில்லை. பட்டிக்காட்டுச் சொல்லாகப் பட்டது. 'பின்' என்று எழுதினால் ஆபீஸ் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததை எழுதினேன்.

"திங்கள் முதல் மடிப்புக் கூடத்துக்குள் சேலையைப் பின் வைத்துக் கட்டி வரக் கூடாது. மீறுவோர் உள்ளே அனுமதிக்கப்பட மாட்டார்கள். இவ்விதி அனைவருக்கும் பொருந்தும்."

கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே இரண்டு கோடு. கூடத்துக் கதவில் ஒட்டிவிட்டு, நாலடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டேன். பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் வாட்ச்மேன் அதை அந்தப் பதினோரு பேருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார். அவர்களில் யாருக்கும் வாசிக்க வராது. நான் போனபோது கூடம் அமைதியாக இருந்தது. பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை, முள்ளம்பன்னி இல்லை. அடடா, எழுத்துக்கு என்ன பவர் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் முதல் மேசை அக்கா மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, நெசமாவே பின் வச்சுக் கட்டக் கூடாதா?"

"கூடாது."

"சின்ன வயசுலருந்து பழகிப் போச்சே."

"பழக்கத்தை மாத்திக்கோங்க. வெளியூர்ல இருந்து பெரிய அதிகாரி வாராரு. அவரு வந்து பாக்கும்போது அசிங்கமா இருந்தா நமக்குத்தான் கேவலம்."

அக்கா என் முகத்தையே பார்த்தார். பிறகு "சரி" என்று போய்விட்டார். இத்தனை பேச்சுப் பேசுகிறவர் ஒரு 'சரி'யோடு போனது எனக்கு வெற்றியாகத்தான் தெரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சாயங்காலம் பஸ் ஏறுமுன், கம்பெனிக்கு எதிரில் இருந்த ஃபேன்சி ஸ்டோரில் ஹேர்பின் வாங்கப் போனேன். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். பார்த்ததும் சிரித்தார்.

"வாங்கம்மா. நீங்களும் ஊக்குக்குத்தான் வந்தியளா? தீந்துபோச்சே."

"ஊக்கா? யாரு வாங்குனா?"

"உங்க கம்பெனி அம்மாக்கதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல கூட்டமா வந்து மூணு அட்டையையும் வாங்கிட்டுப் போயிட்டாக. இத்தன வருசமா எதிர்த்தாப்புல இருக்காக, ஒரு ஊக்கு வாங்குனதில்ல. திங்கக்கெழம கம்பெனியில எதும் விசேசமா?"

நான் ஹேர்பின்னை வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன். ஊக்கு போடக் கூடாது என்று ஒட்டினால், மறுநாளே மூன்று அட்டை ஊக்கு வாங்குகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? என்னைக் கேலி பண்ணுகிறார்கள். என் வேலைக்கு உலை வைக்கிறார்கள். பஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைகிறவரை மனதுக்குள் அந்தப் பதினோரு பேரையும் வரிசையாக நிறுத்தித் திட்டினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திட்டினேன். அம்மா சோறு போட்டால் தட்டைப் பார்த்து முறைத்தேன். அப்பா மட்டும் ஒன்றும் கேட்காமல் என் நீலக் கரைச் சேலைக்கு வழக்கத்தைவிடக் கெட்டியாகக் கஞ்சி போட்டார். அதிகாரி வருகிறாரே.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே போய், கம்பெனி கேட்டில் நின்றுகொண்டேன். ஒவ்வொருத்தியிடமும் ஊக்கைப் பிடுங்குவது என்று முடிவு. பத்து மணிக்கு அதிகாரி. எட்டேகால் இருக்கும், தெருமுனையில் அவர்கள் வருவது தெரிந்தது.

முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. பதினோரு பேரும் முன்கொசுவம் வைத்துக் கட்டியிருந்தார்கள். கட்டியிருந்தார்கள் என்று சொல்வது தவறு, பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கை கொசுவத்தில், ஒரு கை தோளில். ஒருத்திக்குச் சேலை கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது, இன்னொருத்திக்குத் தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. சாக்கடைப் பலகையைத் தாண்டும்போது ஒருத்தி தடுக்கி, நாலு பேர் பிடித்தார்கள். எல்லார் மேலும் ஊக்கு. தோளில் ஊக்கு, இடுப்பில் ஊக்கு, கொசுவம் நெடுகப் படிக்கட்டு மாதிரி ஊக்கு. முதல் மேசை அக்கா கோணி மூட்டையைக் கட்டிக்கொண்டு வருகிற மாதிரி வந்தார். அழுத முகம்.

கோபத்தை இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்தவள் நான். விடுவேனா?

"என்னக்கா இது? கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கேன், இம்புட்டு ஊக்கக் குத்திக்கிட்டு வாரீக?"

"ஊக்கு இல்லாம எப்படி நிக்கும்? பின் வச்சுக் கட்டக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக. முன்னால வச்சா நிக்க மாட்டேங்குது. விடியக்காலம் நாலு மணியிலருந்து கட்டிக் கட்டி அவுக்கேன். எம்மவ கட்டி விட்டா. பஸ்ஸுல ஏறுனதும் அம்புட்டும் உருவிக்கிட்டு வந்துருச்சு. மானம் போச்சு."

எனக்கு உடனே விளங்கவில்லை. பக்கத்தில் நின்றவர் விளக்கினார். "பின்னால வச்சுக் கட்டுதது டீச்சரம்மா. பின்கொசுவம். பட்டிக்காட்டுக் கட்டா இருக்கு, அதிகாரி பாத்தா கேவலம்னீகளாம்ல."

நான் எழுதிய வரியை எனக்குள் ஒரு தடவை அவர்கள் காதால் வாசித்துப் பார்த்தேன். சேலையைப் பின் வைத்துக் கட்டி வரக் கூடாது. ஐயையோ. ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியதில்லை. அப்படியே அதுதான்.

"அக்கா, பின்னுன்னா ஊக்கு! ஊக்கு வைக்கக் கூடாதுன்னுதான் எழுதுனேன்!"

அக்கா வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு கேட்டார்: "அப்ப ஊக்குன்னு எழுதுனா என்ன? நாங்க பொறந்ததுலருந்து ஒரு ஊக்குக் குத்துனதில்ல தாயி. நீங்க வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறந்தான் குத்திக்கிட்டு வந்திருக்கோம்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது தொற்றி, பதினோரு பேரும் கொசுவத்தைப் பிடித்த கையை விட முடியாமல், வயிற்றையும் பிடிக்க முடியாமல் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க உள்ளே சுருக்கென்றது. வார்த்தையைத்தான் அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். என் மனதைச் சரியாகத்தான் படித்திருந்தார்கள். அந்தக் கட்டு எனக்குக் கேவலமாகத்தான் பட்டது. அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன், அவ்வளவுதான். வெட்கமாக இருந்தது.

மணி எட்டரை. எல்லோரையும் பஞ்சு குடோனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். அக்காவின் தூக்குச் சட்டி மூடியைக் கீழே வைத்து, ஊக்குகளை அதில் போடச் சொன்னேன். வெள்ளை வெளேரென்று புது ஊக்குகள் கிண்கிண்ணென்று விழுந்தன. பதினோரு சேலையும் அவிழ்ந்து, சுழன்று, பின்கொசுவத்துக்குப் போய் நின்றதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா இடுப்பில் முந்தானையைச் செருகி, நிமிர்ந்து, தரையில் ஒரு மிதி மிதித்தார். ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவர் மாதிரி இருந்தது முகம்.

பிறகு பன்னிரண்டாவது ஆளைப் பார்த்தார்கள். இவ்விதி அனைவருக்கும் பொருந்தும் என்று கோடு போட்டு எழுதியவள் நான்தானே.

ஒவ்வொன்றாகக் கழற்றி மூடியில் போட்டேன். தோளில் இரண்டு, மாராப்பில் இரண்டு, இடுப்பில் மூன்று. வெள்ளை ஊக்குக் குவியலின் மேல் என் ஊக்குகள் பொன் நிறத்தில் மின்னின. முதுகுக்குக் கையைக் கொண்டு போனேன். அங்கே இருந்தது. ஆனால் கைப்பையின் வாரைத் தடவினால், ஒன்பதாவது ஊக்கைக் காணோம். அது எப்போதிருந்து இல்லை என்றும் எனக்குத் தெரியவில்லை.

மேசை இழுப்பறையிலிருந்து அந்தக் காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்து பிரித்தேன். உள்ளே சின்னதாக, பொன் நிறத்தில், ஒரு ஊக்கு.

பொறந்ததிலிருந்து ஊக்குக் குத்தாத பதினோரு பேர். அந்தக் கூடத்தில் ஊக்கோடு நடமாடிய ஒரே ஆள், தினமும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேசை மேசையாகக் குனிந்து தரம் பார்த்த ஆள். இதைப் புரிந்துகொள்ள வேதியியல் பட்டம் தேவையில்லை.

"ஏட்டி, இது டீச்சரம்மா..." என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"ஏட்டி, சும்மா கெட" என்றார் அக்கா. என் கையிலிருந்த காகிதத்தை மடித்து என் கைக்குள்ளேயே வைத்து மூடினார். "அந்தாளு வந்துருவாரு. அம்மாவுக்குச் சேலையக் கட்டி விடுங்கட்டி. ஊக்கு இல்லாம முன்கொசுவம் நிக்காது. நம்ம கட்டுதான்."

நாலு கைகள் என்னைப் பிடித்துச் சுற்றின. கஞ்சி போட்ட சேலை பின்கொசுவத்துக்கு லேசில் மசியவில்லை. முறம் மாதிரி விறைத்துக்கொண்டு பின்னால் நின்றது. அக்கா இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார். அமுங்குவதாக இல்லை. "மயிலு கணக்கா இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். ஆனால் இடுப்பில் ஒரு முடிச்சுப் போட்டதும் சேலை என் உடம்போடு நின்றுவிட்டது. இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தேன். குதித்துப் பார்த்தேன். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக என் இரண்டு கைகளும் எனக்கே சொந்தமாக இருந்தன.

பத்து மணிக்குக் கார் வந்தது. மேனேஜர் வேட்டி தவிர வேறெதுவும் உடுத்தி நாங்கள் பார்த்ததில்லை. அன்றைக்குப் பேண்ட் போட்டிருந்தார். யாருடைய பேண்டோ. பெல்ட் போட்டு இறுக்கியும் நம்பிக்கை இல்லாமல் அடிக்கடி இடுப்பைத் தொட்டுக்கொண்டார். ஆளுக்கொரு கஷ்டம். என்னைப் பார்த்ததும் கண்கள் விரிந்தன. "ஏமிடம்மா இதி?" என்று தெலுங்கில் முணுமுணுத்தார். பதில் சொல்ல நேரமில்லை.

அதிகாரி மெட்ராஸ்காரர் மாதிரித்தான் இருந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கழுத்துப் பட்டை, அதன் நடுவில் ஒரு வெள்ளி ஊக்கு. கூடத்துக் கதவைத் தாண்டப் போனவரை ஒரு கை தடுத்தது. முதல் மேசை அக்கா, தூக்குச் சட்டி மூடியை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அய்யா, ஊக்கு."

"என்னது?"

"கழுத்துல குத்தியிருக்கீகளே, அந்த ஊக்கு. உள்ள ஊக்கோட போகக் கூடாது. எழுதிப் போட்டிருக்கு."

மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. நன்றாகத் தண்ணீர் குடித்து மூழ்கும் வெளுப்பு. அதிகாரி அக்காவைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், கதவிலிருந்த அறிவிப்பை நின்று முழுவதும் வாசித்தார். பிறகு அந்த வெள்ளி ஊக்கைக் கழற்றி மூடியில் போட்டார். கழுத்துப் பட்டை ஊஞ்சல் மாதிரி ஆடியது. அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு உள்ளே போனார்.

ஒரு மணி நேரம் பார்த்தார். மடிப்புகளைப் பிரித்தார், தண்ணீரில் போட்டார், மேசைக்கு அடியில் குனிந்தார். கடைசியில் என்னைத் தாண்டிப் பார்த்து, "சூப்பர்வைசர் யாரு?" என்று கேட்டார். பதினோரு பேருக்கு நடுவில், அவர்களைப் போலவே கட்டி நின்ற என்னை அவருக்குத் தெரியவில்லை. ஐந்து மாதமாக எதற்காகக் கஞ்சியும் ஊக்குமாகப் பாடுபட்டேனோ, அது போயே போச்சு.

"நான்தான் சார்."

"அந்த ஊக்கு யாரோடதுன்னு கண்டுபிடிச்சீங்களா?"

கூடத்தில் துணி மடிக்கிற சத்தம் நின்றது. அக்கா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். தெரியாது என்று சொன்னால் ஒருவரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததால்தான் சொல்ல முடியவில்லை. தெரியாது என்றால் சந்தேகம் அவர்கள் பதினோரு பேர் மேலும் போய் உட்காரும். ஏற்கெனவே ஒருமுறை அவர்களைக் கேவலப்படுத்தியாயிற்று.

"என்னோடதுதான் சார். இங்க இவங்க யாருமே ஊக்கு வைக்கிறதில்ல. நான் மட்டுந்தான் வச்சுக்கிட்டிருந்தேன். இன்னிக்குக் காலையிலதான் எனக்கே தெரிஞ்சது."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். நான் தென்னை மரங்களை எண்ண ஆரம்பித்தேன்.

அதிகாரி என்னை ஒரு சுற்றுப் பார்த்தார். பின்னால் விறைத்து நின்ற என் கொசுவத்தைப் பார்த்தார். கதவைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய மெட்ராஸ் தமிழ் எங்கேயோ போய்விட்டது.

"ஏம்மா, பின் வச்சுக் கட்டக் கூடாதுன்னு எழுதிப் போட்டுட்டு, நீங்களே பின் வச்சுக் கட்டிட்டு நிக்கீங்களே! எங்கம்மை திருநெல்வேலிப் பக்கம். கடைசி வரைக்கும் இந்தக் கட்டுதான். இத மட்டும் அவ வாசிச்சிருந்தா உங்கள உண்டு இல்லன்னு ஆக்கியிருப்பா."

முதல் மேசையிலிருந்துதான் சிரிப்பு கிளம்பியது. அப்புறம் கூடம் தாங்கவில்லை. அதிகாரி சிரிப்போடு சிரிப்பாக, "எந்தக் கம்பெனிக்குப் போய்க் கேட்டாலும் எங்க ஆளு இல்ல சார்னுதான் சொல்லுவாக. என்னோடதுன்னு ஒத்துக்கிட்டது இந்தம்மா ஒருத்திதான்" என்று மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே தலையாட்டினார். ஆர்டர் தொடர்ந்தது. அதிகாரி போகும்போது மூடியிலிருந்து தன் வெள்ளி ஊக்கை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். அப்பா வாசலில் நின்றார். வழக்கம்போல் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"கொசுவம் எங்க?"

"பின்னால இருக்கு."

என்னைச் சுற்றிப் பின்பக்கம் போனார். மடிப்பைக் கண்ணால் அளந்தார். "ம்... நேராத்தான் இருக்கு" என்றார்.

புதன்கிழமை நிரந்தர உத்தரவு வந்தது. தட்டச்சு செய்த தாளின் கீழே மேனேஜர் பச்சை மையில் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார். அதை நான் வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு முன்னால் கூடத்துக்கு எடுத்துப் போனேன். எல்லோரும் கையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். சம்பளம், லீவு எல்லாம் வாசித்து முடித்து, அந்தப் பச்சை வரிக்கு வந்தேன். அதையும் சத்தமாகவே வாசித்தேன்.

"இனி எந்த அறிவிப்பையும் முதல் மேசையில் வாசித்துக் காட்டிய பின் ஒட்டவும்."

அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். நெற்றியைச் சுருக்கி, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டார்:

"இது எந்தப் பின்னு, டீச்சரம்மா?"